அட்வான்ஸுக்கும் பட்டாவுக்கும் நடுவில்

வீட்டுக்கு விலை படிந்து, வெற்றிலை பாக்குத் தட்டில் அட்வான்ஸ் கைமாறியதும் தரகர் தன் வேலை முடிந்தது என்று நினைப்பார். வாங்குபவர் வீடு வந்துவிட்டது என்றும் விற்பவர் பணம் வந்துவிட்டது என்றும் நினைப்பார்கள். மூவரும் அவசரப்படுகிறார்கள். அந்த நாளுக்கும் சார்பதிவாளர் முன் கையெழுத்துப் போடும் நாளுக்கும் நடுவில் இரண்டு மூன்று மாதம் கிடக்கிறது. அந்த இடைவெளியில் இரு தரப்புக் குடும்பங்கள், ஆவண எழுத்தர், வழக்கறிஞர், வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கி, அந்த வங்கியின் வழக்கறிஞர், மதிப்பீட்டாளர், விற்பவரின் பழைய கடன் இருக்கும் வங்கி, ஆடிட்டர் என்று ஒரே வீட்டுக்காகப் பலரும் தனித்தனியே வேலை பார்ப்பார்கள். ஒருவர் எங்கே நிற்கிறார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. பேரம் முறிவது பெரும்பாலும் இந்த இருட்டில்தான்.

அமெரிக்காவில் இந்த இடைவெளியைப் பார்த்துக்கொள்வது தனித் தொழில். டிரான்சாக்‌ஷன் கோ-ஆர்டினேட்டர் என்று பெயர். பெரும்பாலும் ஒரு ஃபைலுக்கு இவ்வளவு என்று கட்டணம். கலிஃபோர்னியாவில் பரவலாகப் புழங்கும் ஒப்பந்தப் படிவத்தில், ஒப்புக்கொண்டதிலிருந்து 3 வேலை நாளில் முன்பணம் கட்ட வேண்டும், 17 நாளில் வீட்டைச் சோதித்து முடிக்க வேண்டும் என்று கெடுக்கள் அச்சிலேயே இருக்கும். தரப்பினர் மாற்றி எழுதிக்கொள்ளாவிட்டால் அதுதான் கணக்கு. கோ-ஆர்டினேட்டர் அந்தக் கெடுக்களுக்குக் காவல் நிற்கிறார். தமிழ்நாட்டில் நம் கையில் இருப்பது "மூணு மாசத்துல முடிச்சுக்கலாம்" என்ற ஒரே வரி. ஆகவே இங்கே இந்த வேலைக்கு வருகிறவர் முதலில் கெடுக்களை உண்டாக்க வேண்டும்; காப்பது அப்புறம். இந்த அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றியதுதான்: எது எதற்கு முன்னால் நடக்க வேண்டும், அதை யார், எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும்.

முதல் வாரத்தில் கேட்க வேண்டியவை

தாய்ப்பத்திரம், அதற்கு முந்தைய பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, கட்டட அனுமதி, மின் அட்டை. இந்தப் பட்டியலை யாரும் சொல்லித் தருவார்கள். காகிதம் இருக்கிறதா என்று பார்ப்பது அரை வேலை. ஒரு காகிதம் இன்னொன்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் மீதி அரை.

பெயரில் தொடங்குங்கள். நம் ஊரில் ஒரே மனிதர் தாய்ப்பத்திரத்தில் ஒற்றை இனிஷியலோடும், ஆதாரில் அப்பா பெயரை முழுதாக விரித்தும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராகவும் இருப்பார். பான் அட்டையில் நான்காவதாக ஒரு வடிவம் இருந்தாலும் ஆச்சரியமில்லை. வங்கி வழக்கறிஞர் இதைக் கட்டாயம் பிடிப்பார். அவர் பிடிக்கும்வரை காத்திருந்தால் இரண்டு வாரம் போகும். முதல் வாரத்திலேயே நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பத்திரத்தில் 'என்கிற' போட்டு எழுதினால் போதுமா, உறுதிமொழிப் பத்திரம் வேண்டுமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது சொத்து விவரம். சென்னையில் கதவு எண் பழையது ஒன்று, புதியது ஒன்று. சர்வே எண்ணும் அப்படியே: பழைய பத்திரத்தில் கிராம சர்வே எண், இப்போதைய பதிவேட்டில் டவுன் சர்வே எண். இரண்டுமே பத்திரத்தில் வர வேண்டும். செக்குபந்தியில் "வடக்கே காலி மனை" என்று முப்பது வருடத்துக்கு முன் எழுதியதை அப்படியே பகர்த்தெடுப்பது ஆவண எழுத்தர்கள் சிலருக்குப் பழக்கம். அங்கே இப்போது நாலு மாடிக் கட்டடம் நிற்கும். நேரில் போய் நான்கு பக்கமும் பார்த்துவிட்டு வாருங்கள்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். பெரும்பாலான இடங்களுக்கு 1975 முதல் விவரம் கிடைக்கும். ஒரு ஃபைலுக்கு அதை மூன்று முறை எடுக்க வேண்டும்: அட்வான்ஸுக்கு முன், வங்கி கடன் தர ஒப்புக்கொண்ட பிறகு, பதிவுக்கு முந்தின நாள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது எதைக் காட்டாது என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். பதியப்பட்ட ஆவணங்களே அதில் வரும். பதியாத உயில், வாய்ப்பேச்சில் நடந்த பாகப் பிரிவினை, இன்னும் தீர்ப்பாகாத வழக்கு, குடிநீர் வரி பாக்கி ஆகியவற்றை அதில் தேடக்கூடாது. "வில்லங்கம் நில்" என்று வந்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

மனையாக இருந்தால் கூடுதலாக ஒன்று. அங்கீகாரம் இல்லாத மனை 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகவே ஒருமுறையாவது பதிவாகியிருக்கிறதா, அதன் பிறகு வரன்முறை செய்யப்பட்டதா என்று பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். வேறு எல்லாம் சரியாக இருந்தும் பதிவே நடக்காமல் திரும்பி வரும் ஃபைல்கள் இந்த வகை.

வாரிசுகள்

உரிமையாளர் உயிரோடு இல்லாத வீடென்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதை முதலில் எடுங்கள். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றில் மனைவியும் பிள்ளைகளும் இருப்பார்கள். அதோடு நிற்காதீர்கள். உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி பிள்ளைகளுக்குச் சமமாக ஒரு பங்கு அவருக்கு உண்டு. மகன் இறந்தபோது அந்த அம்மா உயிரோடு இருந்து, சில வருடம் கழித்துத் தானும் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால் அந்தப் பங்கு எங்கே போகும்? அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். அதாவது இறந்தவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளும் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் ஆகிறார்கள். விற்கும் குடும்பத்துக்கு இது தெரியவே தெரியாது. "எங்க சித்தப்பாவுக்கும் இந்த வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கோபமாகக் கேட்பார்கள். பதில் சொல்வது வழக்கறிஞரின் வேலை. கேள்வியை எழுப்பும் வேலை உங்களுடையது: பாட்டி எந்த வருடம் இறந்தார் என்று முதல் வாரத்தில் கேட்டு, இறப்புச் சான்று வாங்கிவிடுங்கள்.

வாரிசுகளில் பதினெட்டு வயது ஆகாதவர் இருந்தால், அவருடைய பங்கை அம்மாவே ஆனாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. அனுமதிக்குப் பல மாதம் ஆகலாம். மூன்று மாதக் கெடு அங்கேயே செத்துவிட்டது என்று அன்றே இரு தரப்புக்கும் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்று, சட்டம் சாராதது. சகோதரிகளிடம் நேரில் போங்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த அக்காவுக்குக் கடைசி வாரத்தில் போன் போட்டு, "பதிவு வெள்ளிக்கிழமை, ஆதாரை எடுத்துக்கிட்டு வந்துடு" என்று சொல்லும் தம்பிகள் நிறைய. அந்த அக்கா முறுக்கிக்கொள்ளும்போது பங்குக்காக என்று எல்லோரும் பேசுவார்கள். போய் உட்கார்ந்து காபி குடித்துக் கேட்டால் வேறு கதை வரும்: "கையெழுத்துப் போடமாட்டேன்னு நான் சொல்லலையே தம்பி. என்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே." அட்வான்ஸ் வாங்கிய வாரமே அவர் காதில் விலையும் பங்கும் விழுந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமை கெட்டிருக்காது.

பணத்தின் வரிசை

இங்கே நிதானமாகப் போவோம். ஒருங்கிணைப்பாளர் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கும் இடம் இதுதான்.

மடிப்பாக்கத்தில் ஒரு பழைய ஃபிளாட், விலை 85 லட்சம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். வாங்குபவர் 60 லட்சம் வங்கிக் கடன் எதிர்பார்க்கிறார், 25 லட்சம் கைப்பணம். அட்வான்ஸாக 5 லட்சம் கொடுத்தாயிற்று. விற்பவருக்கு அந்த வீட்டின் மேல் பழைய கடன் 22 லட்சம் பாக்கி. அசல் பத்திரங்கள் அவருடைய வங்கியின் பெட்டகத்தில்.

முதலில் வாங்குபவரின் கைப்பணத்தைச் சரிபாருங்கள். 25 லட்சம் என்று அவர் நினைப்பது வீட்டுக்கு மட்டும். முத்திரைத் தீர்வை 5, கூடுதல் தீர்வை 2, பதிவுக் கட்டணம் 2 என்று 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு மொத்தம் 9 சதவீதம் கணக்காகிறது. 85 லட்சத்துக்கு அது 7 லட்சத்து 65 ஆயிரம். வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமாக இருந்தால் அந்த அதிக மதிப்பின் மேல் கட்ட வேண்டும். இந்தத் தொகை வங்கிக் கடனில் வராது. பெண் பெயரில் வாங்கினால் குறையும் என்று கேள்விப்பட்டுக் கேட்பார். 2025 ஏப்ரல் 1 முதல் வந்த அந்த 1 சதவீதச் சலுகை 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்கானது என்று சொல்லுங்கள். ஆக அவருக்குத் தேவை 25 இல்லை, 32 லட்சத்து 65 ஆயிரம். மூன்றாவது மாதத்தில் இதைக் கண்டுபிடிப்பவர்கள் நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுகிறார்கள்.

அடுத்து 60 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சம். மதிப்பு என்பது பேசிய விலையாகாது, வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் எழுதுவது. பழைய கட்டடம் என்று அவர் 70 லட்சம் எழுதினால் கடன் 56 லட்சத்தோடு நின்றுவிடும். 4 லட்சம் துண்டு விழும். மதிப்பீட்டாளர் வரும் நாளை இரண்டாவது வாரத்துக்குள் பிடித்துப் போடச் சொல்வது இதனால்தான். கூடவே, பத்திரக் குறைபாட்டால் வங்கி கடன் மறுத்தால் அட்வான்ஸ் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்ற வரி உடன்படிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி வழக்கறிஞரிடம் நினைவூட்டுங்கள். உடன்படிக்கையைப் பதிவும் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு விற்பனை உடன்படிக்கையும் கட்டாயம் பதிய வேண்டிய ஆவணங்களில் ஒன்று. செலவை மிச்சம் பிடிக்க வெறும் முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது; பழைய கடன் உள்ள வீட்டில் அந்தச் சிக்கனம் எவ்வளவு ஆபத்து என்பது அடுத்த பத்தியில் தெரியும்.

இப்போது முடிச்சு. வாங்குபவரின் வங்கி அசல் பத்திரத்தைப் பார்க்காமல் பணம் விடாது. விற்பவரின் வங்கி பணம் வராமல் அசலைத் தராது. வழிகள் இரண்டு. வாங்குபவரின் வங்கி ஒப்புக்கொண்டால், 60 லட்சத்தில் 22 லட்சத்தை நேராக விற்பவரின் கடன் கணக்குக்கே அனுப்பி, மீதி 38 லட்சத்தைப் பதிவு நாளில் தரும். ஒப்புக்கொள்ளாவிட்டால், வாங்குபவர் கைப்பணத்தில் ஒரு பகுதியும் விற்பவர் வேறு இடத்தில் புரட்டுவதும் சேர்ந்து கடனை அடைக்க வேண்டும். எந்த வழியானாலும், வீடு இன்னும் விற்பவர் பெயரில் இருக்கும்போதே வாங்குபவர் பக்கத்துப் பெரிய தொகை போய்விடுகிறது. நடுவில் விற்பவர் மனம் மாறினாலோ காலமானாலோ வாங்குபவர் கையில் இருப்பது அந்த உடன்படிக்கை ஒன்றுதான். பதிந்த உடன்படிக்கை, அதன் பிறகே கடன் அடைப்பு. இந்த வரிசையை யார் அவசரப்படுத்தினாலும் மாற்றாதீர்கள்.

கடனை முடிக்கும் தொகைக்கு வங்கி தரும் கடிதத்தில் தேதி இருக்கும். அந்தத் தேதி தாண்டினால் தினசரி வட்டி சேர்ந்து தொகை மாறும். பத்து நாள் பழைய கடிதத்தை வைத்து எடுத்த டிராஃப்ட் சில ஆயிரம் குறைந்து நின்று, கடன் கணக்கு மூடாமல் கிடக்கும். தன்னிடம் எந்தெந்த அசல் இருக்கிறது என்ற பட்டியலையும் அதே நாளில் அந்த வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். அடைத்த பிறகு அசல் கைக்கு வர நாளாகும். முழுதும் கட்டிய 30 நாளுக்குள் அசலைத் திருப்பி, பதிந்த அடமானப் பொறுப்பையும் நீக்க வேண்டும். தாமதம் வங்கியின் குற்றமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதி. கிளை மேலாளரிடம் சண்டை போடாமல் இந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தால் வேலை நகரும்.

அசல் வந்ததோடு முடியவில்லை. கடன் வாங்கியபோது பத்திரங்களை ஒப்படைத்ததாகப் பதிந்த ஆவணம் வில்லங்கத்தில் நிற்கிறது. கடன் தீர்ந்தது என்ற ரசீது ஆவணத்தையும் பதிந்தால்தான் அது நேராகும். அதற்குப் பழைய வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் வரும் நாளைப் பிடிப்பது இந்தத் தொழிலின் தனிக் கலை. மாதக் கடைசி, காலாண்டு முடிவு, மார்ச் மாதம் எதிலும் அவர் அசையமாட்டார். ரசீது, கிரயம், புதிய வங்கிக்கு ஒப்படைப்பு என்று மூன்று ஆவணங்களையும் ஒரே நாளில் இந்த வரிசையில் பதிவதுதான் சுத்தமான முறை.

கடைசியாக வரிப் பிடித்தம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். நம் கணக்கில் 85,000. பதிவு நாளில் ஒரே மூச்சில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். சட்டப்படி ஒவ்வொரு தவணையிலும் பிடிக்க வேண்டும், அட்வான்ஸிலும். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். வங்கி 60 லட்சத்தை முழுசாக அனுப்பிவிடும் என்பதால் அதற்கான வரியையும் வாங்குபவரின் கைப்பணப் பங்கிலிருந்தே கழிக்கும்படி கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். விற்பவரின் பான், ஆதாரோடு இணையாமல் செயலிழந்திருந்தால் விகிதம் 1-லிருந்து 20 சதவீதத்துக்குத் தாவும். இதை முதல் வாரத்திலேயே பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

ரொக்கம் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. வீடு மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். "கொஞ்சம் வெளியே வச்சுக்கலாம்" என்ற பேச்சு நடக்கும்போது நீங்கள் அந்த அறையில் இருக்காதீர்கள்.

விற்பவர் வெளிநாட்டில் இருந்தால்

சிங்கப்பூரிலோ டாலஸிலோ இருக்கும் மகன் விற்கிறார் என்றால் கெடுவை மூன்று மாதத்திலிருந்து நான்கைந்து மாதமாக நீட்டச் சொல்லுங்கள். காரணங்கள் இரண்டு. ஒன்று அதிகாரப் பத்திரம். அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு வந்த பத்திரத்துக்கு, இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அதை வைத்து முகவர் கிரயம் எழுதும்போது, எழுதிக் கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்ற சான்று 30 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பதிவு இரண்டு வாரம் தள்ளிப்போனால் அந்தச் சான்றைத் திரும்ப எடுக்க வேண்டிவரும். எனவே அதை முதலில் எடுத்து வைக்காதீர்கள், கடைசியில் எடுங்கள்.

இரண்டாவது வரி. வெளிநாடு வாழ் விற்பவருக்கு 50 லட்ச வரம்பும் கிடையாது, 1 சதவீதமும் கிடையாது. நீண்டகால ஆதாயத்துக்கு 2024 ஜூலை 23 முதல் அடிப்படை விகிதம் 12.5 சதவீதம், அதன் மேல் சர்சார்ஜும் செஸ்ஸும். குறைந்த பிடித்தச் சான்று வாங்காவிட்டால், ஆதாயம் எவ்வளவானாலும் முழு விலையின் மேலேயே பிடிப்பதுதான் நடைமுறை. சான்றுக்கு விண்ணப்பித்து வர வாரக்கணக்கில் ஆகும். விற்பவர் இந்தியாவில் இல்லை என்பதே சில சமயம் கடைசியில்தான் தெரியவரும், ஏனென்றால் முன்னால் நிற்பவர் அவருடைய அப்பா. பத்திரம் யார் பெயரில், அவர் எங்கே வசிக்கிறார் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

வாரம் ஒரு செய்தி

ஃபைலுக்கு ஒரு வாட்ஸாப் குழு தொடங்கி எல்லோரையும் சேர்ப்பது இப்போது வழக்கம். அந்தக் குழுவில் காலை வணக்கப் படங்கள்தான் மிஞ்சும். நான் பரிந்துரைப்பது வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே அமைப்பில் ஒரு செய்தி. இப்படி:

"வணக்கம். மடிப்பாக்கம் ஃபிளாட், நான்காம் வாரம். முடிந்தது: வங்கி மதிப்பீடு, உடன்படிக்கைப் பதிவு. நடப்பது: வங்கி வழக்கறிஞர் 1994 பத்திரத்தின் சான்றிட்ட நகல் கேட்டிருக்கிறார், விற்பவர் தரப்பு வரும் செவ்வாய்க்குள் விண்ணப்பிக்க வேண்டும். காத்திருப்பது: பழைய வங்கியின் கடன் முடிப்புக் கடிதம், நான் வியாழன் கிளைக்குப் போகிறேன். பதிவுக்கு நினைத்திருக்கும் நாளில் மாற்றமில்லை."

ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள், ஒரு நாள். "பார்த்துக்கிட்டிருக்காங்க" என்ற சொல் அந்தச் செய்தியில் வரக்கூடாது. கெட்ட செய்தியை மட்டும் இதில் போடாதீர்கள். அதைப் போனில் சொல்லிவிட்டுப் பிறகு எழுதுங்கள். வயதானவர்களுக்கு எழுத்தைவிடக் குரல்தான் பிடிக்கும். அவர்களுக்கு வாரம் ஒரு முறை கூப்பிட்டு, "ஐயா, எல்லாம் வரிசையா போயிக்கிட்டிருக்கு" என்று தொடங்கி விவரம் சொன்னால், நடுவில் தரகரைக் கூப்பிட்டுச் சத்தம் போடமாட்டார்கள்.

பணம் போக வேண்டிய கணக்கு எண் செய்தியில் மாறி வந்தால், யாரிடமிருந்து வந்திருந்தாலும், தெரிந்த எண்ணில் கூப்பிட்டுக் குரல் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் நகரக்கூடாது. இதை வாங்குபவரிடம் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்.

கை வைக்கக் கூடாதவை

சொத்தின் உரிமை மூலம் சரியா இல்லையா என்று நீங்கள் சொல்லாதீர்கள். நூறு ஃபைல் பார்த்த பிறகு சொல்லத் தோன்றும், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் தவறிப்போகும் அந்த ஒன்றில் உங்கள் வாய்வார்த்தையைத்தான் வாங்குபவர் பிடித்துக்கொள்வார். ஆவணம் எழுதுவது உரிமம் பெற்ற ஆவண எழுத்தரின், வழக்கறிஞரின் வேலை. எழுதிய வரைவை வாங்குபவர், விற்பவர், வங்கி வழக்கறிஞர் மூவரும் படித்து ஒப்புதல் தந்தார்களா என்று பார்ப்பது உங்கள் வேலை. சர்வே எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் பிறகு பிழைத்திருத்தல் ஆவணம் எழுத வேண்டும்; பணம் வாங்கிப் போய்விட்ட விற்பவரைத் திரும்பக் கூப்பிடுவது எளிதல்ல.

பணத்தை உங்கள் கணக்கில் வாங்காதீர்கள், ஒரு நாளைக்குக்கூட. பதிவுக் கட்டணம் இணையத்திலேயே கட்டலாம். வாங்குபவர் கணக்கிலிருந்தே கட்டச் செய்து ரசீதை ஃபைலில் வையுங்கள். "ஆபீஸ் செலவு" என்று பெயர் சொல்லாத தொகை கேட்கப்படும் இடத்தில் நீங்கள் வசூல்காரராகிவிடாதீர்கள். அசல் பத்திரத்தைக் கையில் வாங்கினால், எத்தனை தாள் என்று எண்ணி எழுதிய ரசீதைக் கொடுத்துவிட்டு வாங்குங்கள். திருப்பும்போது ரசீது வாங்கிக்கொண்டு திருப்புங்கள்.

உங்கள் கூலி பேரம் முடிந்தால்தான் என்று ஒப்புக்கொள்வது என் கணிப்பில் தவறு. தரகருக்கு அது சரி. ஆனால் குறையைக் கண்டு சொல்ல வேண்டியவருக்கு, குறையைச் சொன்னால் கூலி போகும் என்ற நிலை இருக்கக்கூடாது. ஃபைலுக்கு இவ்வளவு, அதில் பாதி உடன்படிக்கையின்போதே என்று பேசிக்கொள்ளுங்கள்.

பதிவு நாள்

தேதியை வாங்குபவரின் பஞ்சாங்கம் முடிவு செய்யும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். முகூர்த்த நாட்களில் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் அறிவிக்கும் அளவுக்குக் கூட்டம் இருக்கும். நேரத்தையும் பாருங்கள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ராகு காலம். பதினோரு மணி டோக்கன் எடுத்துவிட்டுப் போனால், எல்லோரும் வந்த பிறகு ஒரு மாமியார் "பன்னெண்டு அடிக்கட்டும்" என்பார். அலுவலகம் அதற்காகக் காத்திராது.

முந்தின நாள் மாலை எல்லோருக்கும் தனித்தனியே போன்: அசல் அடையாள அட்டை, பான், இரண்டு சாட்சிகள், அவர்களுடைய அட்டைகள். வயதானவர்களின் விரல் ரேகை கருவியில் விழாமல் சிரமப்படுத்தும். வரிசையில் அவர்களுக்கு நேரம் விட்டுவையுங்கள். அலுவலகம் மாடியிலா என்று முன்னாலேயே பார்த்து வாருங்கள். நடமாட முடியாதவராக இருந்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யும்படி மனுக் கொடுக்கலாம். தனிக் கட்டணம் உண்டு. இதை ஒரு வாரம் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் விற்பவர் தயங்குவார். பணம் வந்துவிட்டதா? வங்கி ஆளிடம் இருக்கும் டிராஃப்டின் எண்ணும் தொகையும் தெரியும் நகலை முந்தின நாளே அவருக்குக் காட்டியிருந்தால் அந்தத் தயக்கம் அரை நிமிடத்தில் தீரும். சாவியும் அப்படியே: என்றைக்கு, யார் கையில் என்பது உடன்படிக்கையில் இருக்கட்டும், வாசலில் நின்று பேசும் விஷயமாக அது ஆகக்கூடாது. கையெழுத்தான பத்திரம் ஏதோ காரணத்தால் அன்று பதிவாகாமல் திரும்பினால் பதற வேண்டாம். எழுதிக் கொடுத்த நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம். ஆனால் அதற்குள் வங்கியின் டிராஃப்டும், உயிர்வாழ் சான்றும், வில்லங்கமும் பழையதாகிவிடும். எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பதிவுக்குப் பின்

தரகரும் வங்கியும் அன்றோடு விடைபெறுவார்கள். உங்கள் பட்டியலில் இன்னும் பாதிப் பக்கம் இருக்கிறது. வரிப் பிடித்தம் கட்டிய சான்று விற்பவருக்குப் போக வேண்டும். சொத்து வரி, குடிநீர், மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்ற வேண்டும். மின் இணைப்பின் வைப்புத்தொகை யாருக்கு என்று கேட்டு எழுதி வையுங்கள். ஃபிளாட் என்றால் குடியிருப்போர் சங்கத்தின் பராமரிப்பு நிதியும் அப்படியே. பழைய வங்கியிடம் வாங்கிய பாக்கியில்லாச் சான்றின் நகல் வாங்குபவரிடமும் இருக்க வேண்டும்.

பட்டா மாற்றம் கடைசி. ஒரு சர்வே உட்பிரிவு முழுதாகக் கைமாறினால் பதிவோடு சேர்ந்து தானாக நடக்கும். நிலத்தைப் பிரித்து வாங்கியிருந்தால் நில அளவர் வந்து அளக்க வேண்டும். அவர் வரும் நாளில் அண்டை வீட்டுக்காரர்களும் இருந்தால் எல்லைக் கல் தகராறு பின்னால் வராது. அடுக்குமாடியில் பிரிக்கப்படாத பங்குக்குக் கூட்டுப் பட்டாதான். விண்ணப்பம் தள்ளுபடியானால் வாங்குபவர் திரும்பத் திரும்பப் புதிதாக விண்ணப்பித்துக்கொண்டிருப்பார். காரணத்தை எழுத்தில் வாங்கி, வழக்கறிஞரிடம் காட்டி, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று சொல்லுங்கள். பட்டா வந்ததும் அதன் நகலையும் ஃபைல் முழுவதன் ஸ்கேனையும் வாங்குபவருக்குக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். புது வங்கிக் கடன் தீர்ந்து அவர் ரசீது ஆவணம் பதிய வரும்போது, ஒப்படைப்பு ஆவணத்தின் எண் என்ன என்று உங்களைத்தான் கேட்பார்.